சீட்டில் எழுதியிருக்கும் 36 எந்தப் பல்?

பல் டாக்டர் தந்த சீட்டில் "36 ஆர்சிடி" (ஆர்சிடி என்றால் ரூட் கெனால் சிகிச்சை) என்று இருந்தால் அது முப்பத்தாறாவது பல் இல்லை, வாயில் மொத்தமே 32தான். மூன்று, ஆறு என்று தனித்தனியாகப் படிக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று பாருங்கள், எளிதாகப் பிடிபடும்.

முதல் இலக்கம் பக்கத்தைச் சொல்கிறது: உங்கள் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. டாக்டரின் வலது இடது இல்லை, உங்களுடையது. சில டாக்டர்கள் இந்த இலக்கத்துக்குப் பதிலாகக் கூட்டல் குறி போட்டு ஒரு மூலையில் வெறும் 6 என்று எழுதுவார்கள்; அதில் மட்டும் எதிரில் உட்கார்ந்து பார்ப்பதுபோல, உங்கள் வலது அவர்களுக்கு இடப்பக்கம் வரும்.

அடுத்து, முன்பற்களின் நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 1, 2 வெட்டுப்பற்கள், 3 கூரான கோரைப்பல், 4, 5 முன்கடைவாய்ப்பற்கள், 6, 7, 8 கடைவாய்ப்பற்கள். எட்டாவதுதான் ஞானப்பல், சிலருக்கு முளைக்கவே முளைக்காது, அதனால் பின்னாலிருந்து எண்ணாதீர்கள். கிளிப் போடுவதற்காக 4-ஐப் பிடுங்கியிருந்தால் 3-க்கு அடுத்தது 5தான்.

ஆக, 36 என்பது இடது கீழ் முதல் கடைவாய்ப்பல். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முளைப்பதால் பலர் இதையும் பால்பல் என்று நினைத்து "விழத்தானே போகிறது" என்று விட்டுவிடுகிறார்கள், இது விழாது, போனால் போனதுதான். பால்பற்கள் 20-க்கும் முதல் இலக்கம் அதே பக்க வரிசையில் 5 முதல் 8 வரை. 36-க்கு முன்னால் நிற்பது 75.

சரி, ஆர்சிடி ஏன்? மேலே இருக்கும் எனாமலில் நரம்பு இல்லை, சொத்தை அங்கே இருக்கும்வரை வலிக்காது. அடுத்த அடுக்கான டென்டினுக்குப் போனால் கூச்சம், நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பல்ப் வரை போனால் ராத்திரித் தூக்கம் போகும். வேர்வரை அந்தப் பல்ப்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பதுதான் ரூட் கெனால்.

அமெரிக்க ரிப்போர்ட் கையில் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே 1 முதல் 32 வரை நேராக எண்ணுவதால், நம் ஊரில் வலது மேல் முதல் கடைவாய்ப்பல்லான 16 அவர்களுக்கு இடது மேல் ஞானப்பல். பிடுங்கச் சொல்லியிருந்தால் எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.