கறுப்புக் கார்: கோடு விழாமல் கழுவி, பாலிஷ் போட்டு, வேக்ஸ் பூசுவது எப்படி?

கறுப்புக் கார் வாங்கியவர்களுக்கு ஒரே கவலைதான். நிழலில் பளபளக்கிற வண்டி, வெயிலில் நிறுத்தியதும் பானெட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கோடுகளைக் காட்டும். வெள்ளைக் காரிலும் இதே கோடுகள் உண்டு. கறுப்பின் இருட்டுப் பின்னணியில் கோட்டில் பட்டுச் சிதறும் வெளிச்சம் தனியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

கோடு விழுவது பெயின்ட்டின் மேலே உள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கில். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் சுமார் 40-50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் போடும்போது அந்த அடுக்கைத்தான் கொஞ்சம் தேய்த்து மட்டப்படுத்துகிறோம். போனது திரும்ப வராது. அதனால் பாலிஷை அபூர்வமாகப் போடுங்கள், கழுவுவதில் கவனத்தைக் கொட்டுங்கள்.

முதலில் கழுவுதல்

பெரும்பாலான கோடுகள் விழுவது இங்கேதான். காலையில் ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு பழைய துணி என்று அபார்ட்மென்ட் கார்களை வரிசையாகத் துடைக்கிறார்களே, அந்தத் துணியில் பத்து வண்டியின் மணல் இருக்கும். கறுப்புக் காருக்கு அது வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். துணி படும் முன் ஹோஸ் பைப்பால் நன்றாகத் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்குங்கள். அப்புறம் இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் விட வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரங்களுக்குத் தனித் துணி. துணி துவைக்கும் பவுடர் கூடாது.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் கழிவு நீரில் உப்பு இன்னும் அதிகம், அது உதவாது. உடனே பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுங்கள்.

தடவிப் பாருங்கள்

கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். சொரசொரப்பு தெரிந்தால் கிளே பார், அதாவது ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி தேவை. ஷாம்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் தேயுங்கள். கட்டி கீழே விழுந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பாலிஷ்

விரல் நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறலா? பாலிஷில் போகாது, தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள்.

மெஷின் என்றால் புதியவர்களுக்கு டூயல் ஆக்‌ஷன் வகைதான் (தேய்க்கும் தட்டு சுழன்றபடியே அசையவும் செய்யும்). ரோட்டரி மெஷின் ஒரே இடத்தில் சூடேற்றி பெயின்ட்டை எரித்துவிடக்கூடும். ரப்பர் பீடிங், பிளாஸ்டிக் பாகங்கள், கூர்மையான விளிம்புகள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்புகளில் பெயின்ட் இன்னும் மெல்லியதாக இருக்கும்.

முதலில் சுமார் 50 சென்டிமீட்டர் சதுரத்தில் சோதனை. மென்மையான ஃபோம் பேடில் பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டு ஃபினிஷிங் பாலிஷ் வையுங்கள். பேடை வண்டியில் வைத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். நடுத்தர வேகத்தில், மெதுவாக, முந்தைய தடத்தின் பாதியை மூடியபடி நகருங்கள். முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக. துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு மறைந்திருந்தால் முழு வண்டிக்கும் இதே முறை போதும். மறையாவிட்டால் மட்டுமே காம்பவுண்டுக்கு, அதாவது இன்னும் அதிகமாகத் தேய்க்கும் பாலிஷுக்குப் போங்கள். லேசாக மிச்சம் இருந்தால் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. கிளியர் கோட் மிச்சமிருப்பது அதைவிட முக்கியம்.

பாதுகாப்பு

பாலிஷ் செய்த பெயின்ட்டை அப்படியே விடக்கூடாது. கார்னுபா வேக்ஸ் (ஒரு வகைப் பனையோலையிலிருந்து எடுக்கும் மெழுகு) கறுப்புக்கு ஆழமான மினுமினுப்பு தரும், ஆனால் நம் வெயிலில் சில வாரங்கள்தான் தாங்கும். சீலன்ட் என்ற செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு சில மாதங்கள் நிற்கும், தொடக்கக்காரர்களுக்கு அதையே சொல்வேன். செராமிக் கோட்டிங் ஆண்டுக்கணக்கில் நிற்கும், ஆனால் தவறாகப் பூசினால் மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். எதுவானாலும் மெல்லிய பூச்சு போதும்.

அதன் பிறகு தூசி படிந்த வண்டி மேல் கவர் போடாதீர்கள், காற்றில் ஆடி அதுவே கோடு போடும். பறவை எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து எடுங்கள். ஆயுத பூஜை சந்தனம், குங்குமத்துக்கும் இதே வழிதான். காயும் வரை விடாமல் அன்றே நனைத்து எடுங்கள். அடுத்த முறை கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் பரவி நின்றால், மறுபடி சீலன்ட் பூசும் நேரம் வந்துவிட்டது.