நாலு கோவிலுக்கு ஒரே லாரவெல்

தைப்பூசக் காவடி மொரீசியஸில் அரசு விடுமுறை நாள். காவடி எடுப்பவர்களின் பெயர், பால்குடக் கணக்கு, வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் எங்கள் பக்கம் நோட்டுப் புத்தகத்தில்தான் இருந்தது. மொரீசியஸின் எபேன் நகரில் வேலை பார்க்கும் நான், வார இறுதிகளில் உட்கார்ந்து நாலு ஊர்க் கோவில்களுக்கும் சேர்த்து ஒரே தளம் கட்டினேன். லாரவெல் 11, அதாவது பிஹெச்பி மொழியில் தளம் கட்ட உதவும் சட்டகம். கோவிலுக்கு ஒரு சப்டொமைன் (தளத்தின் பெயருக்கு முன்னால் வரும் துணைப் பெயர்), நிரல் ஒன்றுதான்.

முதலில் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை சர்வரின் எண் முகவரியோடு இணைக்கும் பதிவேடு. நட்சத்திரக் குறி போட்டு ஒரு ஏ ரெக்கார்டு வைத்தால் எந்த சப்டொமைனும் உங்கள் சர்வருக்கு வந்துவிடும். வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் சர்வர் நேம் வரியிலும் அதே நட்சத்திரம். இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

அடுத்து வெப்.பிஹெச்பி ரூட் கோப்பு, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் இடம். ரூட் கிளாஸின் டொமைன் மெத்தடுக்கு, நெளி அடைப்புக்குள் ‘கோவில்’, பிறகு புள்ளி, பிறகு தளத்தின் பெயர் என்று கொடுத்து, கோவில் பக்கங்களை எல்லாம் அதன் குரூப்புக்குள் வையுங்கள். தளத்தின் பெயரை நேராக எழுதாமல் கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பிலிருந்து எடுங்கள். ரூட் கோப்பிலேயே .env கோப்பைப் படிக்கும் என்வ் ஃபங்ஷனைக் கூப்பிட்டால், கான்ஃபிக்கை கேஷ் செய்த (தொகுத்துச் சேமித்த) பிறகு வெறும் நல், அதாவது வெற்று மதிப்புதான் வரும்.

தளத்தைத் திறந்துவிட்ட அன்றே கியூர்பிப்பிலிருந்து ஒரு பெரியவர் கிரியோலும் தமிழும் கலந்து போன் செய்தார். “தம்பி, எங்க கோவில் பேரை அடிச்சாலும் பொதுப் பக்கம்தானே வருது?” தப்பு என்னுடையது. டொமைன் சொல்லாத முகப்பு ரூட்டைக் கோப்பின் தலைமாட்டில் எழுதியிருந்தேன். டொமைன் சொல்லாத ரூட் எந்தப் பெயரில் வந்தாலும் ஒத்துப்போகும், மேலே இருப்பதுதான் முதலில் பிடிக்கும். சப்டொமைன் குரூப்பை மேலே ஏற்றினேன், சரியாகிவிட்டது. டபிள்யூ டபிள்யூ டபிள்யூவும் ஒரு சப்டொமைன்தான், அதையும் கோவில் என்று நினைத்துத் தேடும். அதற்குத் தனி ரூட் எழுதி, கோவில் குரூப்புக்கும் மேலே வைத்தேன்.

என்னை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாதது வேறொன்று. பதிவு எண் 12-ஐத் திறந்தால் 404, அதாவது ‘பக்கம் இல்லை’. டேட்டாபேஸில் 12 பத்திரமாக இருக்கிறது. பக்கத்தைத் தயாரிக்கும் கன்ட்ரோலரில் ஐடியை அச்சடித்துப் பார்த்தால் ‘கியூர்பிப்’ என்று வருகிறது! சப்டொமைனும் ஒரு ரூட் பாராமீட்டர், அதாவது முகவரியிலிருந்து எடுத்து மெத்தடுக்குத் தரும் மதிப்பு. அது முகவரியில் முதலில் இருப்பதால் மெத்தடின் முதல் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. லாரவெல் பெயரைப் பார்த்துக் கொடுப்பதில்லை, வரிசைப்படிதான் கொடுக்கிறது. எல்லா மெத்தடிலும் ஒரு வேரியபிள் கூட்டலாம், ஆனால் அது அசிங்கம். நான் ஒரு மிடில்வேர், அதாவது கன்ட்ரோலருக்குப் போகும் முன் ஓடும் நிரல், எழுதினேன். சப்டொமைனை வைத்துக் கோவிலைத் தேடும், இல்லையென்றால் 404 தரும், கிடைத்தால் எடுத்து வைத்துக்கொண்டு ஃபர்கெட் பாராமீட்டர் மூலம் அந்தப் பெயரைக் கழற்றிவிடும். அதே இடத்தில் யூஆர்எல் டிஃபால்ட்ஸில் கோவில் பெயரைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ரூட் ஃபங்ஷன் லிங்க் போடும் இடமெல்லாம் பாராமீட்டர் காணோம் என்று கத்தும்.

லாகின் குக்கி எந்தப் பெயர்களுக்குப் போகும் என்று சொல்லும் செஷன் டொமைனில் புள்ளியோடு தளத்தின் பெயரைப் போட்டால் எல்லாக் கோவிலுக்கும் ஒரே லாகின். நான் காலியாகவே விட்டேன். ஒரு கோவில் பொருளாளர் இன்னொரு கோவில் கணக்கைப் பார்ப்பதற்கு இல்லை.

உங்கள் லேப்டாப்பில் சோதிக்க பெயர்களைக் கையால் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு உதவாது, அதற்கு நட்சத்திரம் புரியாது. தளத்தின் பெயருக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றே வையுங்கள். சப்டொமைன் சேர்த்து அடித்தால் குரோம் தானாகவே உங்கள் கணினிக்கு வரும்.

கடைசியாக, பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் இணைப்புக்கான சான்றிதழ். அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்டில் நட்சத்திரச் சான்றிதழ் வேண்டுமென்றால் டிஎன்எஸ்ஸில் டெக்ஸ்ட் ரெக்கார்டு போட்டுக் காட்டியே ஆகவேண்டும். நட்சத்திரம் மூலப் பெயருக்குப் பொருந்தாது, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். நான் 2024 நவம்பர் 10-ல் அந்த ரெக்கார்டைக் கையால் போட்டேன். அந்தச் சான்றிதழின் ஆயுள் 90 நாள். தைப்பூசம் 2025 பிப்ரவரி 11. விரதம் நடந்துகொண்டிருந்த வாரத்தில், 8-ஆம் தேதி, நாலு கோவில் தளமும் ஒன்றாகச் சிவப்பு எச்சரிக்கை காட்டின. உங்கள் டிஎன்எஸ் சேவைக்கு ஏபிஐ (நிரல் மூலம் மாற்றும் வழி) இருந்தால், சான்றிதழ் வாங்கித் தரும் செர்ட்பாட் நிரலின் டிஎன்எஸ் பிளகினை முதல் நாளே போட்டுவிடுங்கள், அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.