தோட்டத்தில் வல்லூறு இறங்கும்போது

தோட்டத்தில் சிட்டுகளும் புறாக்களும் மேய்ந்துகொண்டிருக்கையில் ஒலியெல்லாம் சட்டென்று அடங்கி, அணில் மட்டும் கிளையோடு ஒட்டிக்கொண்டு விடாமல் கத்தினால், அருகில் எங்கோ ஒரு வேட்டைப் பறவை அமர்ந்திருக்கலாம். அப்போது வெளியே ஓடிப் பார்க்காமல், நின்ற இடத்திலேயே அசையாமல் நில்லுங்கள்.

வல்லூறு ஒரு புறாவைத் தரையில் அழுத்திப் பிடித்து, சிறகுகளை விரித்து அதை மூடிக்கொண்டு நிற்பதைக் கண்டால் கை தட்டி விரட்டத்தான் தோன்றும். அது இரக்கத்தால் எழும் எண்ணமே. ஆயினும் கூர்நகங்கள் உடலுக்குள் இறங்கிய பின் இரை பிழைப்பது அரிது. விடுபட்ட புறா ஏதேனும் ஒரு புதருக்குள் வலியோடு மெல்லச் சாகும், பசியோடு போன வல்லூறு இன்னொரு பறவையைத் தேடும். அதன் வேட்டை முயற்சிகளில் பெரும்பாலானவை தோல்வியிலேயே முடிகின்றன. முதல் ஆண்டைக் கடக்காமல் இறந்துபோகும் இளம் வல்லூறுகள் பல. ஆகவே குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் உள்ளே அழைத்துக்கொண்டு, அது உண்டு முடிக்கும்வரை சன்னல் வழியே பார்த்திருங்கள். அவ்வளவு அருகில் அதைக் காணும் வாய்ப்பு அடிக்கடி அமைவதில்லை.

அதே பறவை நாள்தோறும் வரத் தொடங்கினால், தீனித் தட்டை ஒன்றிரண்டு வாரங்களுக்கு எடுத்துவிடுங்கள்; சிறு பறவைகள் வேறிடம் போய் மேயும், வல்லூறும் இடம் மாறும். திரும்ப வைக்கும்போது அடர்ந்த புதரிலிருந்து மூன்று மீட்டர் அளவு தள்ளி வைப்பது நல்லது. அதைவிட நெருங்கினால் பூனை பதுங்க இடமாகும். மிகவும் விலகினால் சிறு பறவைகளுக்கு ஓடி ஒளிய இடமிராது.

துரத்தலின் வேகத்தில் பறவைகள் சன்னல் கண்ணாடியில் மோதுவதும் உண்டு. கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டினால் இது பெரிதும் குறையும். மோதி மயங்கிய சிறு பறவையைக் காற்றுத் துளைகள் இட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, அமைதியான இடத்தில் விடுங்கள். ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் வெளியே கொண்டுபோய்த் திறந்துவிடலாம். தெளியாவிட்டால் வனவிலங்கு மீட்பாளரை அழையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்கு தொடங்கும் இடத்திலேயே இருப்பதால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். அடிபட்டது வல்லூறோ ஆந்தையோ ஆனால், அலகைவிட நகங்களுக்கே அஞ்ச வேண்டும். தடித்த துணியைத் தலையோடு சேர்த்துப் போர்த்தினால் இருளில் அது அடங்கும். அதற்குமேல் நீங்களாக எதுவும் செய்யாமல் மீட்பாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, எலி நஞ்சு வைக்காதீர்கள் என்பதே. புரோடிபாகூம் போன்ற நஞ்சுகள் இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. அவற்றைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரியும் அந்த எலிதான் ஆந்தைக்கும் கூகைக்கும் எளிதாக அகப்படுகிறது, நஞ்சும் அவற்றின் ஈரலில் சேர்ந்து நெடுநாள் தங்குகிறது. எலிகளை அடக்க மனமார உழைக்கும் பறவையை நாமே கொல்வது எவ்வளவு கொடுமை! தானியத்தை மூடியிட்ட தகர டப்பாவில் வையுங்கள், சுவர் ஓட்டைகளை அடையுங்கள், தேவைப்பட்டால் எலிப்பொறியை மற்ற உயிர்கள் நுழைய முடியாத பெட்டிக்குள் வையுங்கள். மரத்தடியில் மயிரும் சிற்றெலும்பும் கலந்த உருண்டைகள் கிடந்தால் கவலைப்பட வேண்டாம். ஆந்தை செரிக்காததைக் கக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

கூடு கட்டும் பருவத்தில் பருந்தோ காகமோ தலைக்கு மேல் பாய்ந்தால், குஞ்சுகள் பறக்கும்வரை சில வாரங்கள் வேறு வழியாக நடங்கள், அல்லது குடை பிடித்துச் செல்லுங்கள். இறகு முளைத்துத் தரையில் தத்தும் குஞ்சைப் பெற்றோர் கவனித்துக்கொண்டுதான் இருக்கும், அதை எடுக்காதீர்கள். இறகில்லாத குஞ்சு விழுந்திருந்தால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம், மனிதர் தொட்டதனால் தாய் ஒதுக்கிவிடாது.

பாம்பைக் கண்டால் குறைந்தது இரண்டு மீட்டர் பின்வாங்கி, அது போக வழிவிடுங்கள். அடிக்கவோ பிடிக்கவோ முயலும்போதுதான் பலர் கடிபடுகின்றனர். பழமரத்திற்கு வலை கட்டுவதானால், விரல் நுழையாத அளவு நெருங்கிய கண்ணுள்ளதாகப் பார்த்து, தளராமல் இழுத்துக் கட்டுங்கள். தரையில் குவிந்து கிடக்கும் வலையில் பாம்பும் ஆந்தையும் சிக்கி இரவெல்லாம் திமிறிச் சாகின்றன. காலையில் எழுந்ததும் வலையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள், அறுவடை முடிந்த அன்றே அதைச் சுருட்டி உள்ளே வையுங்கள்.