பழைய பேப்பர்பேக் நாவலின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஐம்பதுகளில் அமெரிக்காவில் வந்த க்ரைம் நாவல்கள், கௌபாய் கதைகள், எழுபதுகளின் துப்பாக்கிச் சாகசத் தொடர்கள் இவற்றையெல்லாம் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் அட்டைப்படத்தில் மயங்கித்தான் வாங்குவார்கள். தப்பில்லை, அதற்காகத்தானே அதை வரைந்தார்கள்! ஆனால் கையில் இருப்பது முதல் அச்சா, இருபது வருஷம் கழித்து வந்த மறுபதிப்பா என்பதைப் படம் மட்டும் சொல்லாது. கீழே உள்ள வரிசையில் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

படி 1: முதலில் விலை

1939-ல் பாக்கெட் புக்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் கங்காரு சின்னத்தோடு சந்தைக்கு வந்தபோது ஒரு புத்தகம் 25 சென்ட். நாற்பதுகள் முழுக்க அதுதான் வழக்கமான விலை. ஐம்பதுகளில் 35 சென்ட் மெல்ல நுழைந்தது. அறுபதுகளில் 40, 50, 60 என்று ஏறி, எழுபதுகளில் ஒரு டாலரைத் தாண்டியது. ஆக, முகப்பில் 25 சென்ட் என்று இருந்தால் அது பெரும்பாலும் ஐம்பதுகள் முடிவதற்குள் வந்தது.

நம் ஊர்ப் பழைய புத்தகக் கடைகளில் கோர்கி, பான் போன்ற பிரிட்டிஷ் பதிப்புகளும் கண்ணில் படும். அவற்றுக்குக் கணக்கு வேறு. பிரிட்டன் 1971 பிப்ரவரி 15 அன்று தசம நாணயத்துக்கு மாறியது. ஷில்லிங்கில் மட்டும் விலை போட்டிருந்தால் அதற்கு முந்தையது, புதுப் பென்ஸ் மட்டும் என்றால் பிந்தையது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்த மாற்றத்தை ஒட்டி வந்தது. இதைவிடச் சுலபமான துப்பு வேறு கிடைக்காது.

படி 2: எண்ணுக்கு முன்னால் ஏதாவது எழுத்து இருக்கிறதா?

முதுகிலோ முகப்பிலோ ஒரு வரிசை எண் இருக்கும். அதற்கு முன்னால் உள்ள ஆங்கில எழுத்து பல பதிப்பகங்களில் விலையின் குறியீடுதான். ஏஸ் புத்தகங்களில் ‘டி’ என்றால் 35 சென்ட், ‘எஃப்’ என்றால் 40, ‘ஜி’ என்றால் 50. கோல்டு மெடலில் எழுத்தே இல்லாத வெறும் எண் என்றால் 25 சென்ட், ‘எஸ்’ வந்தால் 35. பின்னாளில் யாராவது விலைமேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் இந்த எழுத்துதான் கைகொடுக்கும்.

படி 3: யார் போட்டது?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பதிப்பகத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஃபாசெட் என்ற நிறுவனம், சிக்னெட் புத்தகங்களை வெளியிட்ட நியூ அமெரிக்கன் லைப்ரரிக்கு விநியோகஸ்தராக இருந்தது. ஒப்பந்தப்படி ஃபாசெட் தன் சொந்தப் பெயரில் மறுபதிப்புகள் போடக்கூடாது. சரி, மறுபதிப்புதானே கூடாது என்று 1950-ல் கோல்டு மெடல் வரிசையில் புது நாவல்களை நேரடியாக பேப்பர்பேக்கிலேயே இறக்கிவிட்டார்கள். விற்ற பிரதிக்கு இல்லாமல், அச்சிட்ட பிரதிக்கே எழுத்தாளருக்குப் பணம். ஜான் டி. மெக்டொனால்ட், சார்ல்ஸ் வில்லியம்ஸ், டேவிட் குடிஸ் போன்றவர்கள் அங்கே எழுதினார்கள். என் கணக்கில், புதிதாக ஆரம்பிக்கிறவர் ஒரே ஒரு பதிப்பகத்தைத்தான் தேடலாம் என்றால் அது இதுதான்.

டெல் புத்தகமா? உடனே பின்னட்டையைத் திருப்புங்கள். 1943-லிருந்து ஐம்பதுகளின் தொடக்கம் வரை வந்த பலவற்றில் கதை நடக்கும் வீடு அல்லது ஊரின் வரைபடம் வண்ணத்தில் இருக்கும். எந்த அறையில் பிணம் கிடந்தது என்பதுகூடச் சிலவற்றில் உண்டு.

ஏஸ் 1952-ல் இரட்டை நாவல்களைத் தொடங்கியது. ஒரு பக்கம் ஒரு கதை. தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு முகப்பு, இன்னொரு கதை. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பரோஸின் முதல் நாவல், போதைக்கு அடிமையானவனின் கதை, 1953-ல் வில்லியம் லீ என்ற புனைபெயரில் இப்படித்தான் வந்தது. அதன் மறுபுறத்தில் ஒரு போதைப்பொருள் தடுப்பு அதிகாரியின் நினைவுகள்! பயந்துகொண்டே போட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

படி 4: காப்பிரைட் பக்கத்தை அப்படியே நம்பாதீர்கள்

அங்கே இருப்பது கதைக்கு உரிமை பதிவான வருஷம். புத்தகம் அச்சான வருஷமாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. லூயி லமோரின் ‘ஹோண்டோ’ 1953-ல் கோல்டு மெடலில் வந்தது. பின்னால் வந்த பதிப்புகளிலும் காப்பிரைட் 1953 என்றுதான் இருக்கும். ஐ.எஸ்.பி.என். எண் (ஒவ்வொரு புத்தகப் பதிப்புக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண்) இருந்தால் எழுபதுக்குப் பிறகு அச்சானது என்று கொள்ளுங்கள். பட்டைக்குறியீடும் இருந்தால் இன்னும் பிந்தையது. ‘இரண்டாம் அச்சு’ மாதிரி வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாததால் மட்டும் முதல் அச்சு என்று முடிவுகட்டவும் வேண்டாம், விலையோடும் எண்ணோடும் சேர்த்துப் பாருங்கள்.

பெயர் மாற்றத்திலும் ஏமாறலாம். 1962-ல் வந்த ‘தி ஹண்டர்’, 1967-ல் படமானபின் ‘பாயிண்ட் பிளாங்க்’ என்ற பெயரிலும் வந்தது. ஒரே கதைக்கு இரண்டு முறை காசு கொடுக்காதீர்கள்.

படி 5: எழுத்தாளர் பெயர் உண்மைதானா?

அந்த ‘தி ஹண்டர்’ முகப்பில் இருக்கும் ரிச்சர்ட் ஸ்டார்க், டொனால்ட் வெஸ்ட்லேக்கின் புனைபெயர். சாகசத் தொடர்களில் இது இன்னும் குழப்பம். நிக் கார்ட்டர் என்ற பெயரில் பல பேர் எழுதினார்கள். மாஃபியாவைத் தனியாளாக வேட்டையாடும் மேக் போலன் தொடரை 1969-ல் டான் பெண்டில்டன் தொடங்கினார். ஆனால் 16-வது புத்தகத்தில் மட்டும் ஜிம் பீட்டர்சன் என்று இருக்கும். அது அவர் எழுதியதல்ல. எண்பதுகளில் கோல்டு ஈகிள் பதிப்பகத்துக்குப் போனபிறகு தொடரை வேறு ஆட்கள் எழுதினார்கள். இந்த வகையில் குப்பையும் நிறைய. இனவெறியும் பெண்களைக் காட்டும் விதமும் முகம் சுளிக்க வைக்கும், தெரிந்தே வாங்குங்கள்.

படி 6: வாங்குவதற்கு முன், வாங்கியபின்

முன்னட்டை இல்லாத பிரதி வேண்டாம். விற்காத புத்தகத்தின் அட்டையை மட்டும் கிழித்துப் பதிப்பகத்துக்கு அனுப்பிக் கணக்குத் தீர்ப்பது அங்கே வழக்கம். மிச்சம் அழிக்கப்பட வேண்டியது, வெளியே வந்துவிட்டது. கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். க்ரைம் நாவலில் அது போனால் எல்லாம் போச்சு. நடுவில் கெட்டியான சிகரெட் விளம்பரத் தாள் இருந்தால் பிய்க்காதீர்கள், அறுபது எழுபதுகளில் அப்படியே சேர்த்துக் கட்டினார்கள்.

விரித்து மடக்கிப் படித்தால் முதுகின் பசை உடையும், பாதியளவு திறந்தால் போதும். செல்லோடேப், ரப்பர் பேண்ட் இரண்டும் கூடாது. மலிவான மரக்கூழ்த் தாளில் அமிலம் இருப்பதால் பக்கம் பழுப்பாவதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும். வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள், மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ரொம்ப நைந்துபோன பிரதியென்றால் படிப்பதற்கு மறுபதிப்பு தேடலாம். 2004-ல் தொடங்கிய ஹார்ட் கேஸ் க்ரைம் என்ற பதிப்பு வரிசை, இந்தப் பழைய நாவல்கள் பலவற்றைப் புது அட்டை ஓவியத்தோடு திரும்பக் கொண்டுவந்திருக்கிறது.