என்கவுன்டர் விவாதத்தில் நாம் செய்யும் தவறுகள்

‘தற்காப்புக்காகப் போலீசார் சுட்டதில் ரவுடி பலி’ என்று செய்தி வந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு சாரார் இறந்தவர் மீதிருந்த வழக்குகளை எண்ணத் தொடங்குகிறார்கள். மற்றவர்கள், விவரம் எதுவும் தெரியும் முன்பே ‘போலி என்கவுன்டர்’ என்று முடிவு கட்டுகிறார்கள். சுட்ட நேரத்தில் யாருடைய உயிருக்காவது ஆபத்து இருந்ததா, சுடாமல் அதைத் தடுக்க முடிந்திருக்குமா என்று கேட்க இருவருக்கும் பொறுமை இல்லை.

‘அவன் மீது இருபது வழக்கு, போனால் என்ன’ என்பதுதான் அடிக்கடி காதில் விழும் வாதம். பழைய வழக்குகளுக்கு இங்கே ஓர் இடம் உண்டு. தேடிப் போகும் ஆள் வழக்கமாக ஆயுதம் வைத்திருப்பவர் என்று தெரிந்திருந்தால், போலீசாரின் அச்சம் நியாயமானதா என்று மதிப்பிட அந்தத் தகவல் உதவும். அதைத் தாண்டிப் பேசினால் அது தண்டனையைப் பற்றிய பேச்சு. அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. குற்றவாளி என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் கொல்வது போலீசாரின் கடமை அல்ல என்று ஓம் பிரகாஷ் எதிர் ஜார்க்கண்ட் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைச் சொன்ன அதே தீர்ப்பு, அந்த வழக்கில் சிக்கிய போலீசாருக்குச் சாதகமாகவே முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொள்கை வேறு, ஒரு குறிப்பிட்ட சம்பவத்தின் உண்மைகள் வேறு.

போலீசாருக்குச் சுட்டுக்கொல்லத் தனி உரிமம் இருப்பதாக நினைப்பது அடுத்த தவறு. தற்காப்பு என்று வரும்போது அவர்களுக்கும் நமக்கும் சட்டம் ஒன்றுதான். உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் போன்ற சில நிலைகளில் மட்டுமே அந்த உரிமை கொல்லும் அளவுக்கு நீளும். தேவைக்கு மேல் ஒரு அடி கூடக் கூடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விதிகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படியே தொடர்கின்றன. கைதுக்கான சட்டத்தில் ஒரு வரி உண்டு: மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரைக் கைது செய்யும்போது கொல்லும் உரிமை இல்லை. ‘அப்படியானால் கொலை வழக்கில் தேடப்படுபவன் ஓடினால் சுடலாம்’ என்று இதைத் தலைகீழாகப் படிப்பவர்கள் உண்டு. அந்த வரி ஒரு வேலி, கதவு அல்ல. கைதுக்குத் தேவையான அளவு பலம் என்ற அடிப்படை நிபந்தனை எல்லோருக்கும் பொருந்தும்.

எந்த நிமிடத்திலிருந்து கணக்கைத் தொடங்குவது என்பதில்தான் விவாதம் பெரும்பாலும் கோட்டைவிடுகிறது. ஹைதராபாத் சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் ஒரு பெண் கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். கைதான நான்கு பேரும் டிசம்பர் 6 அதிகாலையில் சட்டான்பள்ளியில் சுட்டுக்கொல்லப்பட்டனர். துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். அங்கே கூடிய மக்கள் போலீசார் மீது பூத்தூவினார்கள். துப்பாக்கி பிடுங்கப்பட்ட நொடியிலிருந்து மட்டும் கதையைக் கேட்டால் அது தற்காப்பு போலத்தான் தெரியும். காவலில் இருப்பவர்களை இருட்டு விலகும் முன்பே அங்கே அழைத்துப் போனது ஏன், ஆயுதம் அவர்கள் கைக்கு எட்டும்படி இருந்தது எப்படி என்று பின்னோக்கிப் போனால்தான் கதையின் கனம் தெரியும். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் அப்படித்தான் போனது. போலீஸ் கூற்றை நம்ப முடியாது, கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டார்கள் என்று முடிவு சொன்னது. 10 போலீசார் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. இறந்தவர்களில் மூவர் சம்பவத்தின்போது சிறார்கள் என்றும் கண்டது. ‘எல்லாம் தெரிந்ததுதானே’ என்று பூத்தூவியவர்களுக்கு இது தெரியாது.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. ஆபத்து நேர்ந்த நொடியை மட்டும் பார்த்துவிட்டு முந்தைய சூழலை ஒதுக்கக் கூடாது என்று பார்ன்ஸ் எதிர் ஃபீலிக்ஸ் வழக்கில் 2025 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. இதற்கு மறுபக்கமும் உண்டு. பின்னால் தெரியவந்ததை வைத்து அந்த நேரத்து முடிவை எடைபோடுவதும் அநியாயம். நீட்டிய துப்பாக்கி பொம்மை என்று மறுநாள் தெரியலாம். இருட்டில் எதிரே நின்றவருக்கு அது பொம்மையாகத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டா என்பதுதான் கேள்வி.

‘காலில் சுட்டிருக்கலாமே’ என்பது மனித உரிமை பேசுவோர் அவசரத்தில் சொல்லும் வாதம். ஓடி வரும் ஒருவரின் காலைக் குறிபார்த்து அடிப்பது எளிதல்ல. தொடையின் பெரிய தமனியில் பட்டால் ரத்தம் வெளியேறியே சாவு வரும். காலைத் தேர்ந்தெடுத்துச் சுடும் அளவுக்கு நிதானம் இருந்தது என்றால், சுட வேண்டிய ஆபத்து உண்மையில் இருந்ததா என்ற சந்தேகமும் எழும். 

கூட்டத்தின் மீது சுடுவதை இதனோடு கலக்காதீர்கள். தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளிலும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அங்கே கலைந்து போக உத்தரவு தரப்பட்டதா, எச்சரித்தார்களா, ஓடுகிறவர்களை ஏன் சுட்டார்கள் என்ற கேள்விகள் முன்னுக்கு வருகின்றன. இதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை பெரிதும் இவற்றைப் பற்றியதே.

ஆனால் ஆணைய அறிக்கை தீர்ப்பு ஆகாது, அது பரிந்துரைதான். கோட்டாட்சியர் விசாரணையில் ‘தவறில்லை’ என்று வந்துவிட்டால் விவகாரம் முடிந்தது என்பதும் அதே வகைத் தவறு. பி.யு.சி.எல் (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) எதிர் மகாராஷ்டிரம் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும், சி.ஐ.டி (குற்றப் புலனாய்வுப் பிரிவு) அல்லது வேறு காவல் நிலையக் குழு விசாரிக்க வேண்டும், சுட்ட ஆயுதம் தடயவியல் சோதனைக்குப் போக வேண்டும், சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ தரக்கூடாது என்பவை அவற்றில் சில. அடுத்த முறை செய்தி வரும்போது வழக்கு இறந்தவர் மீது மட்டும் பதிவாகியிருக்கிறதா, சுட்டவர்களின் செயலைப் பற்றியும் பதிவாகியிருக்கிறதா, அதை விசாரிப்பது எந்தக் காவல் நிலையம் என்று தேடிப் பாருங்கள்.