டெல்லியில் இன்டர்ன்ஷிப்பா? ஞாயிற்றுக்கிழமையைத் தூங்கிக் கழிக்காதீர்கள்

ஜனவரி முதல் மே வரை ஒரு செமஸ்டர் டெல்லியில் இன்டர்ன்ஷிப் செய்தேன். வேலை நிறையக் கற்றுத் தந்தது. ஆனால் மனதில் தங்கியது விடுமுறை நாட்கள்தான்.

முதலில் மெட்ரோ ஸ்மார்ட் கார்டு வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் 10 சதவீதம் கழிவு உண்டு. அப்புறம் ஞாயிறு காலை டெல்லி கேட் நிலையத்தில் இறங்கி, மகிளா ஹாட் புத்தகச் சந்தைக்கு நடந்துவிடலாம். சில கடைகளில் புத்தகத்தைத் தராசில் வைத்து கிலோ கணக்கில் தருவார்கள். பெரிய பையோடு சீக்கிரமே போய்விடுங்கள், நல்லவை முதலில் தீர்ந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகம். மொகஞ்சதாரோ நடன மங்கையைப் படத்தில் பார்த்துப் பெரிய சிலை என்று நினைத்திருந்தேன். நேரில் சுமார் 10.5 செ.மீ. உயரம்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும்! இடது கை முழுக்க வளையல், வலது கை இடுப்பில். அந்த நிமிர்வைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். திங்கட்கிழமை விடுமுறை, கவனம்.

லோதி தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அலுவலகம் முடிந்ததும் நேராகப் போகலாம். பிப்ரவரி கடைசியில் இலவ மரங்கள் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். ஊரைச் சுற்றுவதையெல்லாம் மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரலுக்குப் பிறகு பகலில் வெயில் வெளியே விடாது.