ஜெனோவா மாளிகைகளைச் சுற்றிக் காட்டுவது எப்படி

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு இத்தாலியின் துறைமுக நகரான ஜெனோவாவைச் சுற்றிக் காட்டுவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. நீங்களும் யாரையாவது கூட்டிப் போவதாக இருந்தால் திங்கட்கிழமை வேண்டாம். கரிபால்டி தெரு அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை.

அந்தத் தெருவில்தான் தொடங்க வேண்டும். இருபுறமும் 16-ஆம் நூற்றாண்டுப் பணக்காரக் குடும்பங்களின் மாளிகைகள். தெரு குறுகல், முகப்பை அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். திறந்திருக்கும் வாசலுக்குள் தயங்காமல் நுழையுங்கள். முற்றம், படிக்கட்டு, பல வீடுகளில் அதற்கும் மேலே தோட்டம். மலைச்சரிவில் கட்டிய ஊர், அதனால் தோட்டத்துக்கே மாடி ஏற வேண்டும்.

முற்றத்தில் நிறுத்தி 'ரோல்லி' கதையைச் சொல்லிவிடுங்கள். ஜெனோவா அப்போது தனிக் குடியரசு. அதற்கு அரச விருந்தினர் வந்தால் தனியார் மாளிகையில்தான் தங்கவைப்பார்கள். 1576 முதல் இதற்கென்றே 'ரோல்லி' என்ற பட்டியல் இருந்தது. விருந்தாளியின் தகுதிக்கேற்ற வீடுகளுக்குள் சீட்டுக் குலுக்குவார்கள். பெயர் விழுந்த வீட்டுக்காரர் மறுக்க முடியாது. "நல்லவேளை, நம்ம ஊரில் இது இல்லை" என்றார் என் சித்தி. இவற்றில் 42 மாளிகைகள் 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

அந்தத் தெருவில் அருங்காட்சியகமாக உள்ள ரோஸ்ஸோ, பியாங்கோ, துர்சி மாளிகைகள் மூன்றுக்கும் ஒரே டிக்கெட். எல்லா ஓவியங்களையும் காட்ட நினைத்தால் ஆட்கள் சோர்ந்துவிடுவார்கள். ரோஸ்ஸோவில் வான் டைக் வரைந்த உருவப்படங்கள், அப்புறம் நேராகக் கூரைமேல். ஊரும் துறைமுகமும் காலடியில் தெரியும். துர்சியில் வயலின் மேதை பகனீனியின் வயலின், 1743-இல் குவர்னேரி என்ற கைவினைஞர் செய்தது. அது போதும்.

மதியம் ஃபோகாச்சா ரொட்டி வாங்கி நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, பால்பி தெருவிலுள்ள ராஜ மாளிகைக்குப் போங்கள். கண்ணாடி மண்டபத்தை எல்லாரும் படமெடுப்பார்கள், எடுக்கட்டும். எனக்குப் பிடித்தது கீழேயுள்ள தோட்டம். நடைபாதை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கூழாங்கற்களை நெருக்கிப் பதித்துப் படம் போட்டிருக்கிறார்கள். 'ரிஸ்ஸெயு' என்பது உள்ளூர்ப் பெயர். இடிக்கப்பட்ட ஒரு கன்னிமாடத்திலிருந்து பெயர்த்து வந்தது. குந்தி உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். குதிகால் செருப்பு மட்டும் ஆகாது.

காலில் தெம்பிருந்தால் பிரின்சிபே ரயில் நிலையம் தாண்டி, கடற்படைத் தளபதி அந்திரேயா தோரியாவின் மாளிகை. தோட்ட நடுவில் நெப்டியூன் நீரூற்று. மலைப்பக்கத் தோட்டத்தை ரயில்பாதை விழுங்கிவிட்டது.

தேதி உங்கள் கையில் இருந்தால் 'ரோல்லி டேஸ்' நாட்களைப் பார்த்து வாருங்கள். வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் திறப்பார்கள். கலை வரலாறு படித்த இளைஞர்கள் நின்று விளக்குவார்கள். சிலவற்றுக்கு முன்பதிவு உண்டு, அதை முதலில் முடித்துவிடுங்கள்.